பொதி சரியாமல் இருக்க ‘வைர’க் கட்டு

சாலை எட்டாத மலைத்தோட்டங்களில் விளைச்சலைக் கீழே கொண்டுவர இன்றும் குதிரையும் கழுதையும்தான் துணை. சிறுமலையில் எலுமிச்சை, வாழை, பலா எல்லாம் குதிரை முதுகில்தான் சாலைக்கு வந்து சேர்கின்றன. ஒற்றையடிப் பாதையில் பொதி ஒரு பக்கமாகச் சரிந்தால் மூட்டை மட்டும் விழாது. விலங்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். விழாவிட்டாலும், ஆடிக்கொண்டே வரும் பொதி முதுகைத் தேய்த்துப் புண்ணாக்கும். முதுகுப்புண் வந்த குதிரை வாரக்கணக்கில் வேலைக்கு ஆகாது. இதைத் தவிர்க்க உதவும் எளிய முறைதான் ‘வைர’க் கட்டு.

மெக்சிகோ சுமைக்காரர்கள் வழியாக அமெரிக்காவின் மேற்கு மலைப்பகுதிகளில் பரவிய முறை இது. கட்டி முடித்ததும் பொதியின் மேல் கயிறு வைர வடிவில் விரிந்து நிற்பதால் இந்தப் பெயர்.

தேவையானவை

விரல் தடிமனில் சுமார் 40 அடி கயிறு, அகலமான வயிற்றுப் பட்டை ஒன்று. பட்டையின் ஒரு முனையில் வளையமும் மறுமுனையில் கொக்கியும் இருக்க வேண்டும். கயிற்றின் ஒரு நுனியை வளையத்தில் கட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய நைலான் கயிறு வேண்டாம். வழுக்கும், கையையும் அறுக்கும்.

கட்டும் முறை

1. சேணத்துக்கு அடியில் மடிப்பில்லாமல் மெத்தை விரியுங்கள். முதுகெலும்பின் மேல் பாரம் அழுத்தக் கூடாது.

2. இரு மூட்டைகளையும் எடை போட்டுச் சமமாக்கி, பக்கத்துக்கு ஒன்றாகச் சேணத்தில் தொங்கவிடுங்கள். எடை சமமில்லாவிட்டால் எந்த முடிச்சும் காப்பாற்றாது.

3. பட்டையை வயிற்றுக்கு அடியில் கொடுங்கள். வளையம் வலப்பக்கமும் கொக்கி இடப்பக்கமும் வரட்டும். வளையத்தில் கட்டிய கயிற்றைப் பொதியின் மேலாக இடப்பக்கம் கொண்டுவந்து, கொக்கியில் மாட்டி இறுக்குங்கள்.

4. கொக்கியிலிருந்து திரும்பும் கயிற்றை மேலே கொண்டுபோங்கள். பொதியின் நடுவில், முதல் கயிற்றுக்கு அடியில் அதை மடித்து நுழைத்து, பெரிய வளையமாக வெளியே இழுங்கள்.

5. அந்த வளையத்தை விரித்து, வலப்பக்க மூட்டையின் முன்புறம், அடிப்புறம், பின்புறம் என்று சுற்றி அணைக்கும்படி போட்டு இறுக்குங்கள்.

6. மீதிக் கயிற்றால் இடப்பக்க மூட்டையையும் அதேபோல் அடியோடு அணைத்து இழுங்கள். மேலே சேர்ந்து கிடந்த கயிறுகள் முன்னும் பின்னுமாக விலகி வைரம் போல் திறக்கும். இரு மூட்டைகளும் சேணத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரே இழுப்பில் அவிழ வேண்டும்

கடைசி முடிச்சில் நுனியை முழுதும் நுழைக்காதீர்கள். மடித்து நுழைத்து, உருவினால் அவிழும்படி விடுங்கள். சரிவில் விலங்கு இடறி விழுந்தால் முடிச்சைக் குடைந்துகொண்டிருக்க நேரம் இருக்காது. நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் பாரத்தை இறக்கினால்தான் அது எழுந்து நிற்கும்.

கிளம்பி கால் மணி நேரத்தில் ஒருமுறை நின்று கயிற்றை இறுக்குங்கள். நடக்க நடக்க மூட்டை படியும், கயிறு தளரும். இறக்கியதும் முதுகைப் பாருங்கள். முதுகு முழுக்க வியர்த்திருக்க, ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகம் என்று பொருள். மறுநாள் மெத்தையைச் சரிசெய்த பிறகே பாரம் ஏற்றுங்கள்.

எவ்வளவு ஏற்றலாம்?

இழுவை, சுமை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளின்படி, மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ உச்ச வரம்பு. நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வேலைக்கு விடக் கூடாது. செங்குத்தான பாதை என்றால் வரம்புக்கும் குறைவாக ஏற்றுவதே நல்லது.

விலங்கின் மேல் நேரடியாகப் பழக வேண்டாம். திண்ணையில் ஒரு மரக்கட்டையைக் கிடத்தி, இருபுறமும் உமி மூட்டை தொங்கவிட்டு, கை பழகும் வரை கட்டி அவிழ்த்துப் பாருங்கள். அதன் பிறகு குதிரையிடம் போங்கள்.