அங்காடிக்கும் ஒரு மொழி உண்டு

ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்திற்கு முதற் சோதனை பள்ளிக்கூடத்திலோ அலுவலகத்திலோ நேர்வதில்லை. காய்கறிச் சந்தையிலேதான் நேர்கிறது. பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலம் ஓரளவு நம்மைக் காக்கும். வடநாட்டு நகரமொன்றில் கத்தரிக்காய்க் கூடையின் முன் நிற்கும் இல்லத்தரசிக்கோ ‘கித்னா’ என்ற ஒரே சொல்தான் துணை. அதைக் கொண்டு விலையைக் கேட்டுவிடலாம். கேட்ட விலை நியாயமா என்று அறிவதற்கும், அடுத்த கடையில் குறைவாயிற்றே என்று மறுப்பதற்கும் அந்தச் சொல் போதாது. பேரம் பேச மொழி வேண்டும்; மொழியோடு ஊர் நிலவரமும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் படும் இந்தச் சங்கடம் பல்கலைக்கழக அறிஞர்களின் ஆராய்ச்சிக்கும் உரியதாயிற்று என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர், மொராக்கோ நாட்டுச் செஃப்ரூ நகரத்துச் சந்தையை நேரில் இருந்து ஆராய்ந்து, 1978ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அத்தகைய சந்தையில் கிடைத்தற்கரிய பொருள் எந்தச் சரக்கும் அன்று. நம்பத்தக்க செய்தியே அங்கு அரிது என்பது அவர் கண்ட உண்மை. எது தரமானது, இன்றைய விலை என்ன, யார் சொல்லை நம்பலாம் என்பது தெளிவாகத் தெரியாமலே எல்லோரும் வாங்கவும் விற்கவும் வேண்டியிருக்கிறது. ஆகவே மக்கள் இரண்டு வழிகளைக் கைக்கொள்கின்றனர். ஒன்று, ஒரே வணிகரிடம் திரும்பத் திரும்பச் செல்லும் வாடிக்கை. மற்றொன்று, பேரம். பத்துக் கடைகளில் மேலோட்டமாக விசாரிப்பதைவிட, ஒரு கடையில் நின்று ஆழமாகப் பேரம் பேசுவதே அங்கு மிகுந்த பயன் தருகிறது என்றார் கீர்ட்ஸ்.

மும்பை மாதுங்காவிலும் தில்லிக் கரோல் பாகிலும் நம்மவர் பலர் ஆண்டுக்கணக்காக ஒரே மளிகைக் கடையைப் பற்றிக்கொண்டிருப்பதைச் சோம்பல் என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. மேற்சொன்ன ஆராய்ச்சியின் ஒளியில் பார்த்தால் அது சோம்பலன்று, நல்லறிவு. “இந்த வாரத்துத் துவரம்பருப்பு வேகாது அம்மா, அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று கடைக்காரர் சொல்லும் ஒரு சொல், கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவதைவிட மதிப்புடையது. வாடிக்கையாளர் என்ற உறவு இருப்பதனாலேயே அந்தச் சொல் பிறக்கிறது.

எனினும், மொழி தெரியாதவருக்கு வேறொரு புகலிடமும் தோன்றியது. அதுதான் ஒரே விலைக் கடை. 1852ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பான் மார்ஷே என்னும் கடையில் பங்காளியாகச் சேர்ந்த அரிஸ்டீட் பூசிக்கோ, சரக்கின்மேல் விலையை எழுதி வைத்து, எல்லோருக்கும் அதே விலை என்ற முறையை அங்கு நிலைநாட்டிப் புகழ் பெற்றார். 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். ‘பிக்லி விக்லி’ என்ற வேடிக்கையான பெயருடைய அவரது கடையில் எடுத்துக் கொடுக்கும் ஆளே இல்லை. வாங்குபவர் தாமே கூடையை எடுத்துக்கொண்டு, எல்லாத் தட்டுகளையும் கடந்து செல்லும் ஒரே வழியில் நடந்து, வேண்டியவற்றை எடுத்து, கடைசியில் பணம் செலுத்தி வெளியேற வேண்டும். இன்று நம் நகரங்களில் பெருகியுள்ள பேரங்காடிகளுக்கெல்லாம் இதுவே முன்னோடி.

இத்தகைய கடையில் ‘கித்னா’ என்று கேட்கவும் தேவையில்லை. வந்தேறிய குடும்பத்திற்கு இது பெரிய விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கடைக்காரரின் நாவுக்கு ஓய்வு கிடைத்ததேயன்றி, கடை பேசுவதை நிறுத்திவிடவில்லை. அவருக்குப் பதிலாக இப்போது அலமாரித் தட்டுகள் பேசுகின்றன, விலைச்சீட்டு பேசுகிறது, மெல்லிய இசையும் பேசுகிறது. இந்த மொழிக்கு இலக்கணம் எழுத முயன்றவர்களே அங்காடி ஆராய்ச்சியாளர்கள்.

அவர்கள் கண்டவற்றுள் சிலவற்றைப் பார்ப்போம். 1982இல் ரொனால்ட் மில்லிமன் என்பவர் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஓர் அமெரிக்கப் பேரங்காடியில் விரைவான இசை ஒலித்த நாட்களைவிட மெதுவான இசை ஒலித்த நாட்களில் மக்கள் மெல்ல நடந்தனர். விற்பனையும் சுமார் 38 விழுக்காடு மிகுந்தது. 1990களில் இங்கிலாந்தில் நடந்த மற்றொரு சோதனையில், பிரெஞ்சு இசை ஒலித்த நாட்களில் பிரெஞ்சு நாட்டு மதுவும், ஜெர்மன் இசை ஒலித்த நாட்களில் ஜெர்மன் நாட்டு மதுவும் மிகுதியாக விற்றன. வாங்கியவர்களைக் கேட்டபோது, இசையால்தான் வாங்கினோம் என்று ஒப்புக்கொண்டவர் மிகச் சிலரே.

சிகாகோ நகரத்துக் கடைகளில் சோதனை நடத்தி 1994இல் முடிவை வெளியிட்ட மூவர், ஒரு சரக்குக்கு எவ்வளவு இடம் ஒதுக்கப்படுகிறது என்பதைவிட, அந்த இடம் எங்கே, எந்த உயரத்தில் அமைந்திருக்கிறது என்பதே விற்பனையைப் பெரிதும் மாற்றுகிறது என்று காட்டினர். அஞ்சல் வழியே பெண்கள் ஆடை விற்ற ஒரு நிறுவனத்தில் ஆண்டர்சன், சிமெஸ்டர் என்னும் இருவர் செய்து 2003இல் வெளியிட்ட சோதனை இன்னும் விந்தையானது. அதே ஆடை 34 டாலர் என்றபோது விற்றதைவிட 39 டாலர் என்றபோது மிகுதியாக விற்றது! ஒன்பதில் முடியும் விலையைக் கண்டால் மலிவு என்று மனம் தானே முடிவு செய்துகொள்கிறது போலும். 499, 999 என்ற சீட்டுகளை நாம் எங்கெல்லாம் பார்க்கிறோம் என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

ஆயினும் ஆராய்ச்சி என்ற பெயரில் வருவனவற்றையெல்லாம் அப்படியே நம்பிவிடுதலும் தகாது. இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகளான ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜாம் சோதனை உலகப் புகழ் பெற்றது. ஒரு கடையில் 24 வகை ஜாம் சுவைத்துப் பார்க்க வைத்தபோது வந்தவரில் 60 விழுக்காட்டினர் நின்று பார்த்தனர். நின்றவரில் வாங்கியவர் 3 விழுக்காட்டினரே. 6 வகை மட்டும் வைத்தபோது 40 விழுக்காட்டினரே நின்றாலும், அவர்களில் 30 விழுக்காட்டினர் வாங்கினர். தெரிவுகள் மிகுந்தால் மனம் மலைத்துப் போகும் என்று உலகம் முடிவு கட்டியது. ஆனால் இதுபோன்ற பல சோதனைகளை ஒன்றுசேர்த்து 2010இல் ஆராய்ந்தவர்கள், சராசரியில் அந்த விளைவு ஏறத்தாழ ஒன்றுமேயில்லை என்று கண்டனர். சில சூழ்நிலைகளில் மலைப்பு உண்டாகிறது; சிலவற்றில் உண்டாவதில்லை. நாம் கடைக்காரர் கையிலுள்ள பொம்மைகளல்லர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது யாது? அங்காடி பேசும் முன்பே நாம் பேசி முடித்துவிட வேண்டும். அதாவது, வேண்டிய சாமான்களின் பட்டியலை வீட்டிலேயே, அடுக்களையில் நின்று, தமிழிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அலைபேசித் திரையும் இன்று ஓர் அலமாரித் தட்டே. அதைத் திறக்கும் முன்பும் பட்டியல் கையில் இருத்தல் வேண்டும். பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருப்பது உச்ச விலை; அதற்குக் குறைவாக விற்கக் கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை. கிராமுக்கு அல்லது கிலோவுக்கு இவ்வளவு என்னும் அலகு விலையையும் அச்சிட வேண்டுமென்று 2021இல் விதி திருத்தப்பட்டது. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்ற நம் நம்பிக்கை சரிதானா என்பதை அந்தச் சிறிய எழுத்துகள் சொல்லிவிடும். மூக்குக் கண்ணாடியை மறவாமல் எடுத்துச் செல்வீராக.

இறுதியாக ஒன்று. சந்தையில் அரிது செய்தியே என்று கீர்ட்ஸ் எழுதுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, 1904இல், சென்னைத் திருவல்லிக்கேணியில் நம் முன்னோர் கூட்டுறவுப் பண்டசாலை ஒன்றைத் தோற்றுவித்தனர். தனித்து நிற்பவரின் திகைப்புக்கு ஒன்றுகூடி வாங்குதலே மருந்து என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். அத்தகைய பண்டசாலையை நாம் இன்று இங்கே நிறுவ இயலாமற் போகலாம். ஆனால் எந்தக் கடையில் எடை சரியாக இருக்கிறது, எந்தச் சந்தையில் எந்தக் கிழமை காய் மலிவு என்பதை, நேற்று ரயிலை விட்டிறங்கிய குடும்பத்திற்கு எடுத்துச் சொல்ல இயலாதா? அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, முதல் முறை உடன் சென்று, நம் கடைக்காரரிடம் “இவர்கள் நம்மவர்கள்” என்று சொல்லிவிட்டு வருதல் அரை மணி நேர வேலைதான். ஆராய்ச்சிகள் அனைத்தும் சேர்ந்து தரும் துணையைவிட, அந்த அரை மணி நேரம் ஒரு புதுக்குடித்தனத்தின் மாதக் கணக்கைக் காக்கும்.