உள் டயரில் காற்று இருக்கிறதா?



கோம்பை, தேவாரம், உத்தமபாளையம், கம்பம் பகுதிகளில் மொத்த வியாபாரம் செய்யும் நம்மில் பலர், வாடகை லாரியை நம்பியிருந்த நிலை மாறி, சொந்தமாக ஒரு லாரி, ஒரு ஈச்சர், இரண்டு பிக்கப் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். தக்காளியும் வாழையும் தேங்காயும் இரவில் லோடு ஏறி, குமுளி மலையைக் கடந்து, விடியுமுன் கோட்டயம், சங்கனாச்சேரி சந்தைகளில் இறங்க வேண்டும். தராசில் கால் கிலோ குறைந்தால் கேள்வி கேட்கும் நாம், டயரில் இருபது பவுண்டு காற்று குறைந்திருந்தால் கேட்பதில்லை. கேட்டாலும் கிடைப்பது ஒரே பதில்தான்: "காத்தெல்லாம் தட்டிப் பார்த்தாச்சு முதலாளி."

இந்தத் தட்டிப் பார்க்கும் வழக்கத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். லிவர் ராடால் டயரைத் தட்டினால், காற்று அறவே இல்லாத டயர் 'தொப்' என்று சொல்லும். அதில் ஐயமில்லை. ஆனால் 110 பவுண்டு இருக்க வேண்டிய டயரில் 85 பவுண்டு இருந்தால், எவ்வளவு அனுபவமுள்ள ஓட்டுநராலும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பின் அச்சில் ஜோடியாக உள்ள டயர்களில் உள் டயர் கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. அதில் காற்று இறங்கினால் பக்கத்து வெளி டயர் பாரத்தைத் தாங்கிக்கொண்டு விறைப்பாக நிற்கும். பார்ப்பவருக்கு வண்டி சரியாக இருப்பதாகவே தோன்றும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வண்டி ஒன்று தக்காளி லோடுடன் இப்படித்தான் புறப்பட்டது. ஓட்டுநர் தட்டிப் பார்த்தார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். இடப்பக்க உள் டயரில் வால்வு வழியாகக் காற்று மெல்ல இறங்கியிருக்கிறது. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது, இரண்டு டயரின் பாரத்தையும் சுமந்த வெளி டயர் வெடித்தது. வளைவில் வண்டி நின்றுவிட, பின்னால் வரிசையாக வண்டிகள். ஸ்டெப்னி மாட்டி, இன்னொரு டயருக்கு ஆள் அனுப்பி, நாலு மணிக்குச் சேர வேண்டிய லோடு ஒன்பதரைக்குச் சேர்ந்தது. சந்தை முடிந்துவிட்டது. பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வந்தோம். டயர் போனதுகூட எனக்கு வலிக்கவில்லை. எந்தத் தவறும் செய்யாத விவசாயிக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் வலித்தது.

காற்று குறைந்தால் டயர் ஏன் கெடுகிறது? சுற்றும் ஒவ்வொரு முறையும் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கில் சூடு பிறக்கிறது. சூட்டில் ரப்பருக்கும் உள்ளே உள்ள கம்பிக்கும் இருக்கும் பிடிப்பு விட்டுப்போகிறது. கடைசியில் வெடிப்பது ஒரு நொடியில் நடந்தாலும், கெடுதல் பல நடைகளாக நடந்துகொண்டே இருந்திருக்கும். இதோடு 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பார அளவை உயர்த்தியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான்கு டயர் உள்ள பின் அச்சுக்கு 10.2 டன் என்பது 11.5 டன் ஆயிற்று. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னுக்கு ஏறியது. அதாவது பின் டயர் ஒன்றுக்கு 2,550 கிலோவாக இருந்தது 2,875 கிலோ ஆகிறது. உயர்த்திய அளவுக்குப் பாரம் ஏற்றுகிறவர்கள், டயர் நிறுவனம் அந்தப் பாரத்துக்குச் சொல்லும் காற்றளவையும் பார்த்துத்தான் வைக்கிறார்களா என்பது என் கேள்வி.

நம் மலைப்பாதைக்கே உரிய இன்னொரு தவறு உண்டு. குமுளியிலிருந்தோ போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலிருந்தோ இறங்கும் வண்டியில், பிரேக் டிரம்மின் சூடு டிஸ்க்குக்கு ஏறி டயருக்குள் உள்ள காற்றையும் சூடாக்கும். காலையில் 30 டிகிரியில் 110 பவுண்டு இருந்த டயர், உள்ளே 65 டிகிரி ஆகும்போது ஏறத்தாழ 124 பவுண்டு காட்டும். இது இயற்கை, டயர் இதற்குத் தாங்கும்படிதான் செய்யப்படுகிறது. ஆனால் அடிவாரத்தில் டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி, "காற்று அதிகம்" என்று 110 வரை இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் காலை டயர் ஆறியதும் அதில் 97 பவுண்டுதான் இருக்கும். அதே டயரில் அடுத்த லோடு ஏறும். காற்றை அளக்க வேண்டியது வண்டி நின்று டயர் ஆறிய பிறகுதான். சூட்டில் இறக்கவே கூடாது.

இந்த இடத்தில்தான் டயர் காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவி, சுருக்கமாக டி.பி.எம்.எஸ்., நமக்குப் பயன்படுகிறது. ஒவ்வொரு டயரிலும் ஒரு சிறிய சென்சார் இருக்கும். அது உள்ளே உள்ள காற்றழுத்தத்தையும் சூட்டையும் அளந்து, ரேடியோ அலை மூலம் ஓட்டுநர் முன் உள்ள திரைக்கு அனுப்பும். அழுத்தம் குறித்த அளவுக்குக் கீழே போனாலோ, திடீரென்று இறங்கினாலோ, சூடு எல்லை மீறினாலோ விளக்கு எரிந்து மணி அடிக்கும். எந்த டயர் என்பதும் தெரியும். நீளமான வண்டிகளில் பின் டயரின் அலை கேபினுக்கு எட்டாமல் போகலாம். அதற்கு நடுவில் அலையை வாங்கி அனுப்பும் பெட்டி ஒன்று வைக்க வேண்டும். சிம் கார்டு உள்ள வகையில் இதே விவரம் முதலாளியின் செல்போனுக்கும் வரும். தூக்கத்தைக் கெடுக்கும் என்று சிலர் இதை விரும்புவதில்லை. மணிச்சத்தம் எரிச்சலாக இருக்கிறதென்று ஓட்டுநர் திரையின் ஒயரைக் கழற்றிவிடவும் வாய்ப்பு உண்டு என்பதால், முதலாளிக்கும் தகவல் வருவதே நல்லது என்பது என் கருத்து.

கார்களில் சக்கரம் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுக் காற்றுக் குறைவைக் கணிக்கும் முறையும் உண்டு. ஜோடி டயர் உள்ள லாரிக்கு அது ஒத்துவராது. ஆகவே சென்சார் வகையைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் இரண்டு விதம். டயருக்குள், டிஸ்க்கின் மேல் பட்டை போட்டோ வால்வின் அடியிலோ பொருத்துவது ஒன்று. இது துல்லியமானது, திருட்டுப் போகாது; ஆனால் டியூப்லெஸ் டயருக்கு மட்டுமே. இதைப் பொருத்தினால் பஞ்சர் கடையிலும் ரீட்ரேடிங் பட்டறையிலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லையேல் டயர் கழற்றும் லிவர் பட்டு உடைந்துவிடும். மற்றது வால்வின் வாயில் மூடி போல் திருகுவது. டியூப் போட்ட நம் வண்டிகளுக்கு இதுதான் வழி. உள் டயரின் வால்வுக்குக் கை எட்ட நீட்டுக் குழாய் போட வேண்டியிருக்கும். அந்தக் குழாய் மட்டமானதாக இருந்தால், காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க வைத்த கருவியே கசிவுக்குக் காரணமாகிவிடும். ஆகவே உலோகக் குழாயாக வாங்கி, ஆடாமல் கட்டி, சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும்.

எந்த வகையானாலும் எச்சரிக்கை அளவை நம் வண்டிக்கேற்பக் குறிக்க வேண்டும். ஈச்சருக்கும் பத்துச் சக்கர லாரிக்கும் ஒரே அளவு பொருந்தாது. டயரை இடம் மாற்றிப் போட்டால் கருவியிலும் மாற்றிப் பதிய வேண்டும். மறந்தால், முன் டயரில் காற்று இறங்கும்போது திரை பின் டயரைக் காட்டும்.

குறித்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 110-க்கு 88 பவுண்டு அளவுக்கு இறங்கிய டயரைப் பஞ்சரான டயராகவே கருத வேண்டும் என்பது டயர்த் தொழிலில் உள்ள விதி. அந்நிலையில் ஓடிய ரேடியல் டயரின் பக்கச்சுவரில் எஃகுக் கம்பிகள் உள்ளுக்குள் நைந்திருக்கலாம். அதை அப்படியே வைத்துக் காற்று ஏற்றினால், ஜிப் பிரிந்தாற்போல் சுவர் கிழிந்து வெடிக்கும். பக்கத்தில் குனிந்திருக்கும் பஞ்சர் கடைப் பையனின் உயிர் போய்விடும். ஆகவே திரை சிவப்புக் காட்டினால் "கொஞ்சம் காற்று ஏற்றிக்கொண்டு போ" என்று போனில் சொல்லாதீர்கள். கழற்றி, உள்ளே பார்த்து, இரும்புக் கூண்டுக்குள் வைத்து ஏற்றச் சொல்லுங்கள்.

வெளிநாடுகளில் இது சட்டமாகிவிட்டது. ஃபயர்ஸ்டோன் டயர் விபத்துகளுக்குப் பின் அமெரிக்கா 2000-ல் சட்டம் இயற்றியது. 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் இக்கருவி வந்தது. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் புதிய லாரி, பஸ், டிரெய்லர் அனைத்துக்கும் கட்டாயம். நம் நாட்டில் 2020-ல் வந்த விதித் திருத்தம், இக்கருவியும் டியூப்லெஸ் டயரும் பஞ்சர் ஒட்டும் சாமானும் உள்ள 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணி வண்டிகள் ஸ்டெப்னி இல்லாமல் ஓடலாம் என்கிறது. இது நம் லோடு வண்டிகளுக்கான சலுகை அல்ல.

சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் நீதிமன்றம் சொன்னதைக் கவனிக்க வேண்டும். 2010 அக்டோபரில் புனேயிலிருந்து மும்பை சென்ற கார் ஒன்றின் டயர் வெடித்து, அதில் பயணம் செய்தவர் இறந்தார். 2016-ல் விபத்துத் தீர்ப்பாயம் சுமார் 1.25 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கியது. டயர் வெடித்தது தெய்வச் செயல், யார் தவறும் இல்லை என்று இன்ஷூரன்ஸ் நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2023-ல் மும்பை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேகம், காற்றுக் குறைவு, காற்று மிகுதி, பழைய டயர், வெப்பம் ஆகியவையே டயர் வெடிக்கக் காரணம். புறப்படும் முன் டயரைச் சோதிப்பது உரிமையாளர் அல்லது ஓட்டுநரின் பொறுப்பு என்று கூறிவிட்டது. நாளை நம் வண்டிக்கு இப்படி ஒன்று நேர்ந்தால், "தட்டிப் பார்த்தாச்சு" என்ற பதில் எந்த மன்றத்தில் எடுபடும்? எந்தத் தேதியில் எவ்வளவு காற்று இருந்தது என்ற பதிவு கையில் இருந்தால் பேச இடமுண்டு.

செலவுக் கணக்கை அவரவர் நோட்டை வைத்துப் போடுங்கள். மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் லாரி 2,000 லிட்டர் டீசல் குடிக்கும். எல்லா டயரிலும் பத்து சதவீதக் காற்றுக் குறைவால் ஒரு சதவீத டீசல் வீணாகும் என்று வைத்தால் மாதம் 20 லிட்டர். இது பெரிய தொகை அல்ல. வழியில் வெடிக்கும் ஒரு டயரும், சந்தை தவறிய ஒரு லோடும் சேரும்போதுதான் கருவியின் விலை சிறிதாகத் தெரியும்.

உள்ளூரில் மட்டும் ஓடும் பிக்கப்புக்கு இப்போதைக்கு நல்ல காற்றுமானி ஒன்றும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும். வாரம் இருமுறை, காலையில், உள் டயர் உட்பட எல்லாவற்றையும் அளந்து எழுதச் சொல்லுங்கள். மலை ஏறும் லாரிக்கும் ஈச்சருக்கும் முதலில் பின் அச்சு டயர்களுக்காவது கருவி போட்டுப் பாருங்கள். சென்சாரின் பேட்டரியை நாமே மாற்ற முடியுமா, தேனியிலோ மதுரையிலோ பழுது பார்க்க ஆள் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். மூடி வகையை வாங்குகிறவர்கள், கழற்ற முடியாதபடி பூட்டு நட்டு உள்ளதாகப் பார்த்து, உதிரியாக இரண்டு மூடிகளும் சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது. லாரி ஸ்டாண்டில் ஓர் இரவு நின்றால் பெட்ரோல் டேங்க் மூடியே காணாமல் போகிற ஊர் நம் ஊர்.