பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புது சைலன்ஸர்: கார்புரேட்டரையும் கவனிக்க வேண்டும்

நம் சங்க உறுப்பினர்களில் பலர் பழைய புல்லட்டையும் ஆர்.எக்ஸ்.100-ஐயும் இன்னும் விற்காமல் வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் காந்தி மார்க்கெட், மாலையில் வசூல் என்று உழைத்த வண்டிகள். இன்று அவை பிள்ளைகள் கைக்குப் போய்விட்டன. பிள்ளைகள் முதலில் கேட்பது சத்தம் போடும் சைலன்ஸர். பணம் எடுத்துக் கொடுக்கும் முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

இஞ்சினுக்கும் வரவு செலவு உண்டு. எடைக் கணக்கில் சுமார் 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்பது பொதுவான அளவு. கம்பெனி சைலன்ஸருக்குள் தடுப்புகள் உண்டு. அவை இல்லாத குழாயை மாட்டினால் புகை தடையின்றி வெளியேறும், உள்ளே வரும் காற்றும் கூடும். அதற்கு ஈடாகப் பெட்ரோல் சேராவிட்டால் கலவை மெலிந்துவிடும். இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும், வேகத்தைக் குறைக்கும்போது குழாயில் படபடவென்று வெடிக்கும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதன் குழாயின் வடிவமே இஞ்சினின் ஒரு பாகம் மாதிரி. கண்டபடி வெட்டினால் மெதுவாகப் போகும்போது இழுவை போய்விடும்.

ஆகவே சைலன்ஸர் மாற்றினால் கார்புரேட்டரில் ஜெட்டையும் மாற்ற வேண்டும். வண்டி நின்று ஓடுவதற்குப் பைலட் ஜெட், நடு வேகத்துக்கு ஊசி, முழு வேகத்துக்கு மெயின் ஜெட். ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கிப் போட்டால் பெட்ரோல் கூடும். ராஜ்தூத் 350 போல இரண்டு கார்புரேட்டர் உள்ள வண்டியில் இரண்டும் ஒரே அளவில் திறக்க வேண்டும். அது பழகிய மெக்கானிக் செய்யும் வேலை.

சிலர் 350 புல்லட்டில் 24 மில்லிமீட்டர் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு 500-இன் 28 மில்லிமீட்டரைப் போடுகிறார்கள். வாய் பெரிதானால் குறைந்த வேகத்தில் காற்றின் ஓட்டம் மந்தமாகும். பின்னால் அரிசி மூட்டை வைத்து ஓட்டுகிறவருக்கு அது உதவாது.

இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலிலேயே பிராணவாயு இருப்பதால் பழைய ஜெட்டில் கலவை ஏற்கெனவே சற்று மெலிந்துதான் ஓடுகிறது. அதன்மேல் இந்தக் குழாயையும் மாட்டினால் இரட்டிப்புத் தொல்லை. பழைய ரப்பர் வாஷர், பெட்ரோல் டியூப் எல்லாவற்றையும் இதே கையோடு மாற்றிவிடுங்கள்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. சத்தம், புகை வரம்பை மீறினால், 2019 திருத்தத்தின்படி மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆவது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்க இடமிருக்கிறது. 15 வருடம் ஆன வண்டியைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டு போகும்போதும் இந்தக் குழாய் வம்புதான். உத்தர வீதியில் விடியற்காலை படபடத்துப் போனால் வயதானவர்கள் திட்டுவது தனி.

என் அபிப்பிராயம், பழைய சைலன்ஸரைக் கரி எடுத்து, ஏர் பில்ட்டரை மாற்றி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்தாலே இழந்த இழுவையில் பெரும்பகுதி திரும்பும். செலவும் கொஞ்சம். பிறகு சமயபுரம் வரை ஓட்டிவிட்டு, இஞ்சின் ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப் பொடி நிறம் என்றால் சரி. கரிப் பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. அந்த நிலையில் வண்டியைத் தூரம் ஓட்ட வேண்டாம்.