விடுபட்ட பெயர்கள் – 9: பத்ரிநாத்தின் பத்தாயிரம்

2011 ஜூன் 4. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் டி20 ஆட்டம். மூத்தவர்கள் பலர் ஓய்வில் இருந்ததால் சுரேஷ் ரெய்னா கேப்டன். சென்னைக்காரரான எஸ்.பத்ரிநாத்துக்கு அது முதல் சர்வதேச டி20. நடுவரிசையில் நின்று 43 ரன் எடுத்தார். இந்தியா 16 ரன் வித்தியாசத்தில் வென்றது, ஆட்ட நாயகன் விருது அவருக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு இந்தியாவுக்காக இன்னொரு டி20 ஆட அவரை யாரும் கூப்பிடவில்லை. முதல் ஆட்டமே கடைசி ஆட்டம்.

போன வாரம் வி.வி.குமாரைப் பற்றி எழுதியிருந்தேன். 1961-இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் டெஸ்டிலேயே ஐந்து விக்கெட் எடுத்துவிட்டு, மொத்தம் இரண்டே டெஸ்டுகளோடு நின்றுபோன லெக் ஸ்பின்னர் அவர். பத்ரிநாத்தும் இரண்டே டெஸ்ட்தான். அரை நூற்றாண்டு இடைவெளியில், ஒரே ஊரில், ஒரே கணக்கு.

இந்த வாரக் கட்டுரையைக் கொல்லிமலையில், அரியூர் நாட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மலைச் சரிவில் சமதளமான இடம் கிடைப்பது லேசில்லை. கிடைத்த துண்டு நிலத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: பந்து சரிவைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தால் அடித்தவன் அவுட். மிளகுக் கொடிகளுக்குள் போன பந்தைத் தேடியே பாதிப் பொழுது போய்விடுமாம். அதனால் தூக்கி அடிக்கிறவனுக்கு இங்கே மதிப்பில்லை. தரையோடு தட்டி, ஆள் இல்லாத இடம் பார்த்து ஓடுகிறவன்தான் பெரிய ஆட்டக்காரன். பத்ரிநாத் வாழ்நாள் முழுக்க ஆடிய ஆட்டம் இதுதான். கால்களை நகர்த்திச் சுழற்பந்தை அதன் போக்கிலேயே எதிர்கொள்வார். அவசரப்பட மாட்டார். ரஞ்சி ஆட்டங்களைச் சேப்பாக்கத்தின் வெறிச்சோடிய கேலரியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, பத்ரி களமிறங்கினால் அன்றைய பொழுது தமிழ்நாட்டின் கையில் இருக்கிறது என்று ஒரு நிம்மதி. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

அந்தப் பையன்களில் ஒருவன் நடராஜனைப் பற்றித்தான் கேட்டான். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி இந்த மலைக்கு அந்நியமில்லை அல்லவா. “அண்ணா, நம்ம நடராஜண்ணன் ஆஸ்திரேலியாவுல போட்ட முதல் டெஸ்ட்லயே மூணு விக்கெட் எடுத்தாருங்களே, அப்புறம் ஏனுங்க டெஸ்ட்டே கொடுக்கல?” 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் நடந்த டெஸ்ட் அது. வலைப்பயிற்சியில் பந்து போடப் போனவர், மூத்தவர்கள் காயத்தில் விழ, மூன்று வடிவங்களிலும் ஒரே பயணத்தில் அறிமுகமானார். அவனுடைய கேள்விக்குப் பதில் சொல்லப் போய்த்தான் பத்ரிநாத்தின் நாக்பூர் கதையைச் சொன்னேன்.

2010 பிப்ரவரி, தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான முதல் டெஸ்ட். டிராவிடுக்குத் தாடையில் அடி. யுவராஜும் லட்சுமணும் காயம். உள்ளே வரவேண்டிய ரோஹித் சர்மா ஆட்டம் தொடங்கும் காலையில் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். அந்த நிலைமையில் 29 வயது பத்ரிநாத் அறிமுகமானார். ஹாஷிம் ஆம்லா ஆட்டமிழக்காமல் 253 ரன் குவித்திருந்தார். பதிலுக்கு ஆடிய இந்தியா 56 ரன்னுக்கு மூன்று விக்கெட்டை இழந்தது. போன மூவரில் சச்சினும் ஒருவர். பழைய பந்தை உள்ளும் வெளியும் வளைத்துக்கொண்டிருந்தார் டேல் ஸ்டெய்ன். சேவாக்கோடு சேர்ந்து பத்ரிநாத் நூறு ரன்களுக்கு மேல் கூட்டணி சேர்த்தார். சேவாக் சதம், பத்ரிநாத் 56. அவர்கள் பிரிந்ததும் மற்றவர்கள் சரிந்தார்கள். ஸ்டெய்ன் 51 ரன் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்தார், இந்தியா இன்னிங்ஸ் தோல்வி கண்டது. இரண்டாவது இன்னிங்ஸில் பத்ரிநாத் 6. அடுத்த டெஸ்டில், கொல்கத்தாவில், 1. அதோடு முடிந்தது. மூன்றே இன்னிங்ஸ், 63 ரன்.

முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்தது 10,245 ரன். 145 ஆட்டங்கள், 32 சதங்கள், சராசரி 54.49. பத்தாயிரத்தைத் தாண்டிய பிறகும் சராசரியை ஐம்பதுக்கு மேல் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். அப்படிப்பட்ட ஒருவரை மூன்று இன்னிங்ஸ் வைத்து எடைபோட்டது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஏன் இப்படி ஆனது? அவர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் இந்திய நடுவரிசையில் டிராவிட், சச்சின், லட்சுமண், கங்குலி. கதவே இல்லாத சுவர் அது. 2008 நவம்பரில் கங்குலி ஓய்வு பெற்றதும் ஒரு இடுக்கு தெரிந்தது. அதில் யுவராஜ் நின்றார். 2010 ஜூலையில் ரெய்னா கொழும்பில் அறிமுக டெஸ்டிலேயே சதம் அடித்தார். அக்டோபரில் பெங்களூரில் புஜாரா வந்தார். அடுத்த ஜூனில் கோலி. எல்லோருமே அவரைவிட இளையவர்கள். முப்பதைத் தாண்டியவருக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கத் தேர்வாளர்களுக்கு மனம் வரவில்லை. ஒருநாள் ஆட்டங்களிலும் அவர் சோபிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். 2008-இல் தம்புள்ளாவில் அறிமுக ஆட்டத்தில் தோனிக்குத் துணையாக ஆட்டமிழக்காமல் 27 எடுத்து, தடுமாறிய இந்தியாவைக் கரைசேர்க்க உதவினார். ஆனாலும் ஏழு ஆட்டங்களில் மொத்தமே 79 ரன். டி20-க்கும் ஒருநாளுக்கும் ஒரு கணக்கு சொல்லலாம். ஐந்து நாள் ஆட்டம் அவருடைய சொந்த நிலம். அங்கே அவருக்கு நியாயமான அவகாசம் கொடுத்திருக்க வேண்டும்.

சென்னை சூப்பர் கிங்ஸிலும் அவருக்கு வாய்த்தது இதே வேலைதான். தொடக்க விக்கெட்டுகள் சீக்கிரம் விழுந்தால் பத்ரியை அனுப்புவார்கள். ஆரம்பம் நன்றாக அமைந்தால் அவர் பெரும்பாலும் பெவிலியனில் காத்திருப்பார். 2010, 2011 கோப்பைகளை வென்ற அணியில் சிக்கல் வந்த நாளெல்லாம் சுமந்தவர் அவர். சிக்ஸர் தொகுப்புகளில் அவர் முகம் எப்போதாவதுதான் வரும்.

அமெரிக்கப் பேஸ்பாலில் ஜோஷ் கிப்சன் என்று ஒரு அடிமன்னன் இருந்தார். கறுப்பினத்தவர் என்பதால் மேஜர் லீக்கில் அவரைச் சேர்க்கவில்லை. கறுப்பர்களுக்கான நீக்ரோ லீக்குகளில் ஆடியே புகழ்பெற்று, 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்துபோனார். மூன்றே மாதத்தில் ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்துக் களமிறங்கினார். 2024-இல்தான் நீக்ரோ லீக் கணக்குகளை மேஜர் லீக் தன் ஏட்டில் சேர்த்தது. சேர்த்த அன்றே கிப்சனின் .372 சராசரி எல்லோருக்கும் மேலே போய் நின்றது. அங்கே நடந்தது நிறவெறி. அந்தக் கொடுமையையும் பத்ரிநாத்துக்கு நடந்ததையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. பெரிய மேடைக்கு வெளியே எடுத்த ரன்னும் ரன்தான் என்று ஒரு விளையாட்டு வாரியமே ஒத்துக்கொண்டு ஏட்டைத் திருத்தியிருக்கிறது.

இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிப் புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் சொல்லும் நிகழ்ச்சியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றியைத் துளைத்துப் போய் உடும்பில் தைத்ததாம். எய்த வேடனை யாரென்று தெரியாமலே பாணர்கள் ஓரியைப் புகழ்ந்து பாட, தன் பெயரைக் கேட்டு அவன் நாணித் தலைகுனிந்தான் என்கிறார். வில்லாளி தன் பெருமையைத் தானே சொல்லவில்லை, பார்த்தவர்கள் சொன்னார்கள். இன்றும் ஆடி மாதம் செம்மேட்டில் அவனுக்கு விழா நடக்கிறது.

பத்ரிநாத் ஆடிய காலத்தில் தமிழ்நாடு மூன்று முறை ரஞ்சி இறுதி ஆட்டத்துக்குப் போனது: 2003, 2004, 2012. கோப்பை கைக்கு வரவில்லை. பிறகு அவர் விதர்பாவுக்கும் ஐதராபாத்துக்கும் ஆடிவிட்டு, 2018 ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார். இன்று பெரும்பாலோருக்கு அவர் தமிழ் வர்ணனையில் ஒலிக்கும் குரலாகத்தான் தெரிகிறார்.

டெஸ்டே ஆடாத சுழற்பந்து வீச்சாளர்கள் ராஜிந்தர் கோயலுக்கும் பத்மாகர் ஷிவல்கருக்கும் 2017-இல் இந்திய கிரிக்கெட் வாரியம் சி.கே.நாயுடு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தது. இருவரும் அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார்கள். பத்ரிநாத்துக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். சேப்பாக்கத்தில் ஒரு கேலரிக்கு அவர் பெயரை வைக்கலாம். ரஞ்சியில் ஒவ்வொரு பருவத்திலும் அதிக ரன் எடுக்கும் தமிழ்நாட்டு மட்டையாளருக்கு அவர் பெயரில் ஒரு பரிசு கொடுக்கலாம். மாநில சங்கம் மனம் வைத்தால் ஒரே கூட்டத்தில் முடிவெடுக்கக் கூடிய காரியம்தான்.

அடுத்த வாரம்: 1981-இல் ஆக்லாந்தில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடிய டி.இ.ஸ்ரீனிவாசன்.