உங்களுக்குத் தெரியுமா? அகராதியை ஆயுதமாக்கிய இசை அறிஞர்

ஜெர்மானிய இசையியல் அறிஞர் ஹெர்பர்ட் கெரிக் 1905-இல் மன்ஹைம் நகரில் பிறந்தார். எல்பிங் நகரின் இசை வரலாற்றை ஆராய்ந்து, கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1932-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்த அவர், பின்னர் எஸ்.எஸ். படையிலும் இணைந்தார். கட்சியின் சித்தாந்தத் தலைவர் ஆல்ஃப்ரெட் ரோசன்பெர்க்கின் அலுவலகத்தில் இசைப் பிரிவு 1935 முதல் இவர் பொறுப்பில் இருந்தது.

1940-இல் தியோஃபில் ஸ்டெங்கலுடன் சேர்ந்து, இசைத்துறை யூதர்களைப் பட்டியலிடும் அகராதி ஒன்றை வெளியிட்டார். இசைக்கலைஞர்களின் பெயர், தொழில், பிறந்த நாள், பிறந்த ஊர் ஆகியவை அதில் அகர வரிசையில் அச்சிடப்பட்டன. மெண்டல்சோன், மாலர் போன்ற மேதைகளை இழித்துரைக்கும் நீண்ட குறிப்புகளும் இடம்பெற்றன. யாருடைய இசையை ஒதுக்க வேண்டும் என்று நிகழ்ச்சி அமைப்பாளர்கள் புரட்டிப் பார்க்கும் கையேடாக அது பயன்பட்டது.

பிரான்ஸ் வீழ்ந்த பின், கெரிக்கின் ‘இசைச் சிறப்புப் பிரிவு’ அங்கிருந்த யூதர்களின் இசைக்கருவிகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் அள்ளிச் சென்றது. 1940 செப்டம்பரில், பாரிஸ் அருகே ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாண்டா லண்டோவ்ஸ்கா விட்டுச் சென்ற வீடு சூறையாடப்பட்டது. இசைமேதை ஷோபன் 1838-39 குளிர்காலத்தில் மயோர்கா தீவில் வாசித்த சிறிய பியானோவும் அந்தக் கொள்ளையில் அடங்கும்.

போருக்குப் பின் டோர்ட்முண்ட் நகரில் கெரிக் நாளிதழ் இசை விமர்சகராகப் பணியாற்றினார், 1996-இல் காலமானார். டச்சு ஆய்வாளர் வில்லெம் டி விரீஸ், இசைக் கொள்ளையை விரிவாக ஆராய்ந்து எழுதிய நூலின் ஆங்கிலப் பதிப்பு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.