தட்டைத் திரை மானிட்டர்

கணினி மானிட்டரின் கண்ணாடித் திரைக்குச் சொந்த ஒளி கிடையாது. அதன் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. எந்தப் புள்ளியில் எவ்வளவு ஒளியை வெளியே விடுவது, எவ்வளவைத் தடுப்பது என்பதை மட்டுமே திரை பார்த்துக்கொள்கிறது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் இன்று இருக்கும் மானிட்டர்களில் மிகப் பெரும்பாலானவை இந்த எல்சிடி வகைதான். கடைகளில் எல்இடி மானிட்டர் என்று விற்பதும் இதையே. பின்னால் எரிவது எல்இடி விளக்கு, அவ்வளவுதான். இருட்டறையில் திரை முழுக்கக் கறுப்பாக ஒரு படத்தைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். கறுப்பு முழுக் கறுப்பாக இராது. மங்கிய சாம்பல் நிறத்தில் தெரியும், ஓரங்களில் வெளிச்சம் கசியும். ஓஎல்இடி திரை மட்டும் இதற்கு விலக்கு. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

ஒளி ஓரிடத்தில், படம் ஓரிடத்தில் என்ற இந்தப் பிரிவினை மானிட்டரின் வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. அதை மேசையில் வைத்துச் சரிசெய்வதும், கெட்டால் பழுதுபார்ப்பதும், கடைசியில் எங்கே கொடுப்பது என்பதும் இதையொட்டியே அமைகின்றன.

ஒளியைத் தடுக்கும் வேலையைச் செய்வது திரவப் படிகம். 1888இல் பிராகு நகரில் ஃபிரெடரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலைக் கொண்டு செய்த ஒரு சேர்மத்தைச் சூடாக்கிப் பார்த்தார். 145.5 டிகிரி செல்சியஸில் அது உருகிக் கலங்கலான திரவமாயிற்று. 178.5 டிகிரியில் கலங்கல் நீங்கிப் பளிச்செனத் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலை எப்படி என்று குழம்பிய அவர், ஜெர்மானிய இயற்பியலாளர் ஓட்டோ லேமனுக்கு அதை அனுப்பினார். பொருள் திரவமாக ஓடினாலும் படிகங்களுக்கே உரிய ஒளிப்பண்புகள் அதற்கு இருப்பதை லேமன் கண்டார். குச்சி போல நீண்ட மூலக்கூறுகள் ஓடும் நிலையிலும் ஒரே திசை பார்த்து நிற்பதே அதற்குக் காரணம்.

பல பத்தாண்டுகளுக்கு இது ஆய்வுக்கூட விநோதமாகவே கிடந்தது. 1968இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையரின் குழு திரவப் படிகத்தால் ஆன காட்சித் திரையை அறிவித்தது. 1970இல் சுவிட்சர்லாந்தில் மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் இருவரும் மூலக்கூறுகளைத் திருகி அடுக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினர். அறை வெப்பநிலையில் நிலைத்து நிற்கும் சேர்மங்களை இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரேயின் குழு 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியது. திரவப் படிகத் திரை முதலில் பரவலாகப் பயன்பட்டது கைக்கடிகாரத்திலும் கால்குலேட்டரிலும்தான்.

திரையின் அமைப்பைப் பின்னாலிருந்து முன்னால் பார்ப்போம். விளக்கின் ஒளி முதலில் ஓர் அக்ரிலிக் பலகைக்குள் நுழைந்து திரையின் பரப்பெங்கும் பரவுகிறது. சில வெள்ளைத் தாள்கள் அதைச் சீராக்குகின்றன. அடுத்து இருப்பது ஒரு போலராய்டு தாள். ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் அது விடும். அதற்கு முன்னால் இரண்டு கண்ணாடித் தகடுகள். அவற்றுக்கு இடையே தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் திரவப் படிகம் நிரம்பியிருக்கிறது. கடைசியில், முதல் தாளுக்குச் செங்குத்தாக ஒட்டிய இரண்டாவது போலராய்டு. இடையில் ஒன்றும் இல்லையென்றால் இந்த இரண்டு தாள்களும் சேர்ந்து ஒளியை அடியோடு மறித்துவிடும். ஆனால் திருகி நிற்கும் மூலக்கூறுகள் ஒளியின் அதிர்வுத் தளத்தை 90 டிகிரி திருப்பிவிடுவதால் அது இரண்டாவது தாளையும் கடந்து வருகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் திருகல் அவிழ்ந்து புள்ளி இருண்டுபோகும். குழாயைப் பாதி மூடினால் பாதித் தண்ணீர் வருவதுபோல, இடைப்பட்ட மின்னழுத்தத்துக்கு இடைப்பட்ட வெளிச்சம்.

24 அங்குல முழு எச்டி திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என்று 20,73,600 பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வடிகட்டிகள். ஆக 62 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் கண்ணாடியின் மேலேயே படிய வைத்த ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டர் இயக்குகிறது. இவ்வளவு தடைகளையும் தாண்டி வெளியே வரும் ஒளி மிகக் குறைவு. முதல் போலராய்டு ஏறக்குறையப் பாதியை விழுங்கிவிடும். வண்ண வடிகட்டி மீதியில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். வெள்ளைத் திரையாகவே இருந்தாலும் விளக்கின் ஒளியில் பத்தில் ஒரு பங்கு கண்ணுக்கு வந்தால் அதிகம். மானிட்டர் செலவழிக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி பின்னொளிக்கே போவது இதனால்தான்.

மூலக்கூறுகளை அடுக்கும் விதத்தில் டிஎன், ஐபிஎஸ், விஏ என்று மூன்று வகைகள் புழக்கத்தில் உள்ளன. மேலே பார்த்த திருகல் முறைதான் டிஎன். அது மலிவு, வேகம். ஆனால் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் நிறம் மாறும். ஹிட்டாச்சி 1990களில் கொண்டுவந்த ஐபிஎஸ், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாமல் காட்டும். விஏ திரையில் கறுப்பு நன்றாக அமையும். படம் பார்க்க ஏற்றது. எழுத்து வேலையும் படிப்பும்தான் முக்கியம் என்றால் ஐபிஎஸ் போதும், வேறு யோசனை தேவையில்லை.

பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கவனம் தொடங்க வேண்டும். திரையின் முகத்தில் விரல் அழுந்தப் பிடித்துத் தூக்கக் கூடாது. சட்டத்தின் இரு ஓரங்களையும் பிடிக்க வேண்டும். மேசைமேல் மெத்தென்ற போர்வையை விரித்து, மானிட்டரைக் குப்புற வைத்துத் தாங்கியைத் திருகுவது பாதுகாப்பானது. பல மானிட்டர்களின் முதுகில் 75 அல்லது 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு திருகுத் துளைகள் இருக்கும். வீசா என்ற பொது அளவுமுறை அது. சுவரில் மாட்டவோ மேசைக் கையில் பொருத்தவோ உதவும்.

கேபிளில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட், படம் அனுப்பும் வசதியுள்ள யூஎஸ்பி-சி மூன்றும் இலக்க முறையில் படத்தை அனுப்புபவை; அன்றாட வேலைக்கு எதை மாட்டினாலும் ஒன்றுதான். நீல முனையில் இரண்டு திருகுகளோடு வரும் விஜிஏ மட்டும் பழைய அலைவடிவ முறை. அதில் எழுத்துகள் லேசாகக் கலங்கித் தெரிந்தால் மானிட்டர்மேல் பழி போட வேண்டாம். சிக்னல் இல்லை என்று திரை சொன்னால் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். மானிட்டரின் உள்ளீட்டுத் தேர்வு சரியான துளையில் இருக்கிறதா? தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினியில் கேபிளை அந்த அட்டையில் மாட்டாமல் மதர்போர்டில் மாட்டியிருக்கிறதா? கடைக்குத் தூக்கிவரும் புது மானிட்டர்கள் பல இந்த இரண்டில் ஒன்றால்தான் வருகின்றன.

படம் வந்தவுடன் இயக்கமுறைமையின் அமைப்புகளில் திரையின் இயல்பான ரெசல்யூஷன் தேர்வாகியிருப்பதை உறுதிசெய்ய வேண்டும். எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்று ரெசல்யூஷனைக் குறைப்பது பலரும் செய்யும் தவறு. பிக்சல்கள் கண்ணாடியில் நிலையாகப் பதிந்தவை. எண்ணிக்கையைக் குறைத்தால் ஒரு புள்ளியின் படத்தை ஒன்றரைப் புள்ளிமேல் நீட்ட நேர்ந்து எல்லாமே மழுங்கும். தமிழ் எழுத்தின் சுழிகளும் புள்ளிகளும் முதலில் பாதிக்கப்படும். ரெசல்யூஷனைத் தொடாமல் எழுத்தின் அளவை 125 சதவீதமாகக் கூட்டுவதே சரி.

கண்ணுக்கும் திரைக்கும் நடுவே ஒரு முழுக்கை நீளம், அதாவது 50 முதல் 70 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கலாம். கீழ்ப்பாதி வழியாகப் படிக்கும் பைஃபோகல் கண்ணாடி அணிந்தவர்கள் இன்னும் இறக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாள் முழுதும் முகவாயைத் தூக்கிக் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஜன்னல் திரைக்கு எதிரிலோ பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருப்பது நல்லது.

வெளிச்சத்தைச் சரிசெய்ய எளிய வழி, ஒரு வெள்ளைத்தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடிப்பது. திரையின் வெள்ளை விளக்கைப்போலக் கண்ணைப் பறித்தால் பிரைட்னஸ் அதிகம். தாளைவிடச் சாம்பலாகத் தெரிந்தால் குறைவு. கடையின் பிரகாசத்தில் எடுப்பாகத் தெரிவதற்காகவே கூட்டி வைத்து அனுப்புகிறார்கள். வீட்டு அறைக்குப் பெரும்பாலும் அதைக் குறைக்கத்தான் வேண்டியிருக்கும். பிரைட்னஸ் பொத்தான் பின்னொளியை மட்டும் மாற்றுகிறது, கான்ட்ராஸ்ட் பொத்தான் படத்தை மாற்றுகிறது. ஆகவே முதலாவதைத் தாராளமாகத் தொடலாம், இரண்டாவதை விட்டுவிடலாம். பிரைட்னஸைக் குறைத்தால் மின்செலவும் குறையும், விளக்கின் ஆயுளும் கூடும். சில மலிவு மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைக்க விளக்கை நொடிக்குப் பலநூறு தடவை அணைத்து எரியவிடுகின்றன. அதனால் தலைவலி வருபவர்களும் உண்டு. கைபேசிக் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்தால் ஓடும் பட்டைகளாக இந்தத் துடிப்பு தெரியும்.

திரை பார்ப்பவர்களின் கண் எரிச்சலுக்குப் பெரிய காரணம் இமைப்பது குறைவதுதான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது நொடி பார்ப்பது பயன் தரும். நீல ஒளியைத் தடுக்கும் மூக்குக்கண்ணாடிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. கணினி வேலைக்கென்று தனிக் கண்ணாடி எதையும் அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் பரிந்துரைப்பதில்லை.

துடைக்கும்போது மானிட்டரை அணைத்துவிட்டு, மைக்ரோஃபைபர் துணியை லேசாக நனைத்துத் துடைக்க வேண்டும். திரையின் மேலேயே தெளித்தால் நீர் கீழ்விளிம்பு வழியாக உள்ளே இறங்கி மின்சுற்றைக் கெடுக்கும். ஜன்னல் கண்ணாடிக்கான அம்மோனியா கலந்த திரவம் மேற்பூச்சை அரித்துவிடும். இடி மின்னல் நேரத்தில் மின்பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. கணினியோடு இணைக்கும் கேபிளையும் கழற்றுவது நல்லது.

ஐந்தாறு ஆண்டு கழித்து ஒருநாள் திரை இருண்டுபோகலாம். அப்போது உடனே தூக்கிப்போடாமல், அறையை இருட்டாக்கி, கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். ஐகான்களும் எழுத்துகளும் மங்கலாகத் தெரிந்தால் படம் நன்றாகவே இருக்கிறது, போனது விளக்கோ அதை இயக்கும் சுற்றோதான். எல்இடி பட்டையை மாற்றிவிட்டால் மானிட்டர் பிழைத்துக்கொள்ளும். சுவிட்ச் போட்டும் உயிர் வராமல், பச்சை விளக்கு மட்டும் சிமிட்டினால் பெரும்பாலும் பவர் போர்டில் கெபாசிட்டர் உப்பியிருக்கும். சில ரூபாய் விலையுள்ள பொருள் அது. ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால் பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கக் கூடாது. சென்னை ரிச்சி தெருவில் இந்த வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. நெட்டுவாக்கில் கோடு விழுந்தாலோ கண்ணாடி விரிசல் விட்டாலோ நிலைமை வேறு. பேனலையே மாற்ற வேண்டும். அதன் விலைக்குச் சற்றுக் கூடக் கொடுத்தால் புது மானிட்டரே கிடைக்கும். விரிசலில் மைபோலப் பரவுவது திரவப் படிகம். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

வேலை செய்யும் மானிட்டரை யாருக்காவது கொடுப்பதே முதல் வழி. ஹார்ட் டிஸ்க்கைப் போல இதில் தகவல் எதுவும் தங்காது. அழித்துத் தர வேண்டிய கவலை இல்லை. வேலை செய்யாததை அகற்றும்போதுதான் பின்னொளியின் வகை முக்கியமாகிறது. ஏறக்குறைய 2010 வரை வந்த தட்டை மானிட்டர்களில் எரிந்தது எல்இடி அல்ல, பென்சில் குச்சியளவு மெல்லிய குளிர்முனைக் குழல்விளக்கு. குழல் ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. போட்டவுடன் மங்கலாகத் தொடங்கி, ஓரிரு நிமிடம் கழித்தே முழு வெளிச்சம் பெறும் மானிட்டர் இந்த வகை. இதை உடைத்துப் பிரிப்பது ஆபத்து. தவறி உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடமாவது அறைக்கு வெளியே இருந்து, பிறகு ஈரத்தாளால் துண்டுகளை ஒற்றி எடுத்து மூடியுள்ள பாட்டிலில் போட வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் பாதரசம் பரவும்.

பழைய மானிட்டருக்குக் காயலான் கடையில் உடனே காசு கிடைக்கும். அங்கே வேண்டியது இரும்பும் செம்பும்தான்; மற்றவை எங்கே போகும் என்பதற்குக் கணக்கு இல்லை. கம்பியைக் கொளுத்திச் செம்பையும், மின்சுற்றுப் பலகையை அமிலத்தில் ஊறவைத்துத் தங்கத்தையும் பிரிக்கும் வேலை தில்லி சீலம்பூர், மொராதாபாத் போன்ற இடங்களில் நடப்பது பலமுறை வெளிச்சத்துக்கு வந்துள்ளது. ஐ.நா.வின் கணக்குப்படி 2022இல் உலகில் சேர்ந்த 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குப் பதிவு இருப்பது 22.3 சதவீதத்துக்கு மட்டுமே.

இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், விற்ற பொருளின் அளவைப் பொறுத்துக் குறிப்பிட்ட பங்கு கழிவை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்கள்மேல் சுமத்துகின்றன. ஆகவே மானிட்டரின் நிறுவனத்துக்கே பேசித் திருப்பி எடுக்கும் வசதியைக் கேட்கலாம். இல்லையென்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியலில் அருகில் உள்ளவரைத் தேடலாம். ஆயிரம் கருவிகளும் அதற்கு மேலும் பயன்படுத்தும் நிறுவனங்கள் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே கழிவைக் கொடுக்க வேண்டும் என்பது கட்டாயம்.

பதிவுபெற்ற கூடத்தில் மானிட்டரைக் கையால் பிரிக்கிறார்கள். தாங்கி, இரும்புச் சட்டம், பிளாஸ்டிக் உறை, மின்சுற்றுப் பலகை என்று ஒவ்வொன்றும் தனி வழியில் போகும். குழல்விளக்குகளை முழுதாக எடுத்து, பாதரசத்தை மீட்கும் இடத்துக்கு அனுப்புவார்கள். அக்ரிலிக் பலகைக்கு நல்ல கிராக்கி உண்டு. மிஞ்சுவது கண்ணாடிப் பேனல். அதன் கண்ணாடிகளின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத படலமாக இண்டியம்-வெள்ளீய ஆக்சைடு பூசியிருக்கும். துத்தநாகத் தாதுவோடு சிறிதளவே கிடைக்கும் அரிய உலோகம் இண்டியம். ஆனால் ஒரு பேனலில் இருக்கும் அளவு மிகமிகக் குறைவு என்பதால், மீட்கும் முறைகள் தெரிந்தும் பெரும்பாலான இடங்களில் அது கட்டுப்படியாவதில்லை. முழுதாக வரும் பேனலைப் பிரிப்பது உடைந்ததைப் பிரிப்பதைவிட எளிது. எனவே கொடுத்தனுப்பும்போது திரைக்கு மேல் அட்டையை வைத்துக் கட்டி, நிமிர்த்தி வைத்தே அனுப்ப வேண்டும். கேபிளும் அடாப்டரும் நன்றாக இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த மானிட்டருக்கு ஆகும்.