அழுத்தம் மட்டும் போதுமா?

ஜவ்வாது மலைச் சிற்றூர் ஒன்றில் ஒருவர், சேறு படிந்த டிராக்டர்களை நீர்த்தாரையால் கழுவித்தரும் தொழில் தொடங்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையிலுள்ள பணத்தில் ஒரு பம்புதான் வாங்கலாம். எதை வாங்குவது?

விற்பவர் அழுத்தத்தைத்தான் முதலில் சொல்வார். வளிமண்டல அழுத்தத்தைப்போல் 100 மடங்கு அழுத்தத்தில் சிறு துளை வழியே பீறிடும் நீரின் வேகம் நொடிக்குச் சுமார் 140 மீட்டர்! காய்ந்த சேறு பெயர்ந்துவிடும். கையை நீட்டினால் தோலையும் துளைத்துவிடும், விளையாட்டல்ல.

நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்றும் கேட்கவேண்டும். அழுத்தத்தையும் இதையும் பெருக்கினால் வருவதே திறன். 10 லிட்டர் என்றால் சுமார் 1,700 வாட். இழப்புகளையும் சேர்த்தால் 3 குதிரைத்திறன் மோட்டார் தேவை. மின்னழுத்தம் தாழும் ஊரில் அது சூடேறித் திணறும். செலவு கூடினாலும் பெட்ரோல் எஞ்சினே மேல்.

ஆழ்குழாய்க் கிணறு நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் தருகிறதா? பம்பை நேரே இணைக்கக்கூடாது. நீர் போதாத பம்பினுள் ஆவிக்குமிழிகள் தோன்றி நொறுங்கும்போது உலோகமே அரிபடும். 1,000 லிட்டர் தொட்டி 3 மணி 20 நிமிடத்தில் நிரம்பும். 100 நிமிட வேலைக்கு அது போதும். ஆகவே முதற்பணம் தொட்டிக்கு. தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே வடிகட்டி ஒன்றும் வேண்டும். மணல் புகுந்தால் வால்வுகள் விரைவில் தேய்ந்துவிடும்.